400 மீட்டர் வட்டம் போட்டால் சென்னை முழுக்கப் பச்சை: எதை நம்புவது?

வார்டுவாசி, 8 பிப்ரவரி 2025

மாநகராட்சியின் பூங்காப் பட்டியலையும், யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் 'லெஷர்=பார்க்' (பூங்கா) என்று இருக்கும் பாலிகன்களையும் (எல்லை வரைந்த பரப்புகள்) ஒன்றாக்கி, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒவ்வொன்றைச் சுற்றியும் 400 மீட்டர் பஃபர் (சுற்றுவளையம்) போட்டேன். அண்ணா நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் பக்கம் வெள்ளை இடமே தெரியவில்லை. வடசென்னையிலும் திட்டுத் திட்டாகப் பச்சை. நகரத்தின் பொதுத் திறந்தவெளியை அளக்கும் ஐ.நா. ஹாபிடாட்டின் 11.7.1 குறியீட்டுக்கும் 400 மீட்டர்தான் அளவு. அப்படியானால் சென்னை தேறிவிட்டதா? படத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை, ஆனால் எங்கே உதைக்கிறது என்றும் பிடிபடவில்லை.

கோணமானி, 8 பிப்ரவரி 2025

முதலில் ஒரு கேள்வி. எந்த ப்ரொஜெக்‌ஷனில் போட்டீங்க? உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. டிகிரியில் அளக்கும் 4326-லேயே விட்டுவிட்டு 400 என்று அடித்தால் அது 400 டிகிரி; உலகமே பூங்காவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857-இல் போட்டிருந்தால் பிழை சிறியது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சென்னை இருக்கும் 13 டிகிரி அட்சத்தில் அந்த ப்ரொஜெக்‌ஷன் நீளத்தை 2.7 சதவீதம் ஊதிக் காட்டும். 400 என்று நினைப்பது தரையில் 390 தான். பரப்பில் 5 சதவீதம் போய்விடும்.

வார்டுவாசி, 8 பிப்ரவரி 2025

32644. சென்னைக்குரிய, மீட்டரில் அளக்கும் முறை. அதில் சந்தேகமில்லை.

கோணமானி, 9 பிப்ரவரி 2025

சரி, அப்படியானால் கணக்கு சரி, கேள்விதான் தப்பு. 11.7.1 சொல்லும் 400 மீட்டர் தெரு வழியாக நடக்கும் தூரம். வட்டம் அதைக் காட்டாது.

400 மீட்டர் ஆர வட்டத்தின் பரப்பு 50 ஹெக்டேர். தெருக்களெல்லாம் சதுரங்கக் கட்டம்போல ஒழுங்காக இருக்கும் ஊரில்கூட, 400 மீட்டர் நடந்து எட்டக்கூடிய இடம் சாய்சதுர வடிவில் 32 ஹெக்டேர்தான் வரும். அதாவது வட்டத்தில 64 சதவீதம். கட்டம் பிசகாத நகருக்கே இந்தக் கதி. முட்டுச்சந்தும் காம்பவுண்டுச் சுவரும் கால்வாயும் உள்ள இடத்தில் இன்னும் சுருங்கும்.

இரண்டாவது, நீங்கள் பஃபரைப் பூங்காவின் எல்லையிலிருந்து போட்டிருப்பீர்கள். மனிதன் எல்லையில் ஏறிக் குதிப்பதில்லை, கேட் வழியாகத்தான் போகிறான். நான்கு பக்கமும் சாலை ஓடி ஒரே பக்கத்தில் கேட் இருந்தால், பின்புறத் தெருவில் இருப்பவர் பூங்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். 150 மீட்டர் பக்க அளவுள்ள பூங்கா என்றால் அந்தச் சுற்றே 300 மீட்டர் தின்றுவிடும். மிச்சம் 100. பெரிய பூங்காவாக இருக்க இருக்க இந்தப் பிழை பெரிதாகும், அதனால் பெரிய பூங்கா உள்ள வார்டுகள்தான் வரைபடத்தில் மிகையாகப் பச்சையடிக்கும்.

எனவே முதலில் கேட்டுகளைப் புள்ளிகளாக எடுங்க. பிறகு தெருவில் நடக்க விடுங்க.

தண்டவாளம், 9 பிப்ரவரி 2025

கோணமானி சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். சென்னைக்கு உள்ள விசேஷமே நகரத்தை நீளவாக்கில் வெட்டும் கோடுகள். கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய், கடற்கரை-தாம்பரம் ரயில் பாதை, கால்வாயை ஒட்டியே போகும் பறக்கும் ரயில். இவற்றைத் தாண்ட ஒரு சுரங்கப்பாதையோ மேம்பாலமோ வரும் வரை நடக்கத்தான் வேண்டும்.

பனகல் பூங்காவிலிருந்து 1 கி.மீ. வட்டம் போட்டுப் பாருங்க. மாம்பலம் தண்டவாளத்தைத் தாண்டி மேற்கு மாம்பலத்தில் விழும். நிஜத்தில் அங்கிருந்து வருகிறவருக்கு வழி துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை, ஸ்டேஷன் நடைமேம்பாலம், 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை. இவற்றில் எதன் வாசலுக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறது என்பதுதான் தூரத்தை முடிவு செய்யும்.

டேட்டாவில் கவனிக்க வேண்டியது: நடைமேம்பாலம் வரைந்திருப்பார்கள், ஆனால் படிக்கட்டின் கடைசிப் புள்ளி தெருவோடு ஒட்டியிருக்காது. அரை மீட்டர் இடைவெளி போதும், ரூட்டிங் (வழி காணும்) மென்பொருளுக்கு அந்தப் பாலமே இல்லை. எதிர்த் தப்பும் உண்டு. மேம்பாலச் சாலையும் அடியில் போகும் தெருவும் குறுக்கே வெட்டும் இடத்தில் யாரோ பொதுப் புள்ளி வைத்திருப்பார்கள். அப்போது பாலத்திலிருந்து கீழே குதித்துப் பூங்காவுக்குப் போகலாம் என்று கணக்கு வரும்.

கோணமானி, 9 பிப்ரவரி 2025

அந்த அரை மீட்டர் இடைவெளிக்கு க்யூஜிஐஎஸ்ஸில் டோப்பாலஜி டாலரன்ஸ் (எவ்வளவு இடைவெளி வரை ஒட்டியதாக எடுக்கலாம்) என்று ஒரு பெட்டி இருக்கிறது. 1 மீட்டர் வரை கொடுக்கலாம். 5, 10 என்று தாராளமாகக் கொடுத்தால் அணுகுசாலையும் மேம்பாலமும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத பாலத்தை மூல டேட்டாவிலேயே சரிசெய்துவிட்டால் அடுத்தவருக்கும் உதவும்.

பச்சைப்புள்ளி, 10 பிப்ரவரி 2025

கேட் எங்கே இருந்து எடுப்பது? பட்டியலில் பூங்கா பெயரும் தெருப் பெயரும் தவிர ஒன்றும் இல்லை.

கோணமானி, 10 பிப்ரவரி 2025

மூன்று சுற்றாகச் செய்யுங்க.

முதல் சுற்று, ஏற்கெனவே இருப்பதை வாருங்க. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டேட்டாவைத் தேடி எடுக்கும் ஓவர்பாஸ் சேவையில் 'பேரியர்=கேட்', 'என்ட்ரன்ஸ்' என்று உள்ள புள்ளிகளை இழுத்து, பூங்கா எல்லையிலிருந்து 5 மீட்டருக்குள் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்க. முழு நகரத்தையும் ஒரே கேள்வியில் கேட்டால் சர்வர் நேரம் முடிந்தது என்று கையை விரிக்கும். மாநகராட்சி மண்டலம் மண்டலமாகக் கேளுங்க.

இரண்டாம் சுற்று, பூங்கா எல்லைக் கோட்டையும் நடைபாதைக் கோடுகளையும் வெட்ட விடுங்க. இரண்டும் சந்திக்கும் இடமெல்லாம் கேட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. இதில் போலிகள் வரும். பூங்காவின் உள்பாதையை எல்லைக்கு வெளியே சிறிது நீட்டி வரைந்திருந்தால் அங்கே ஒரு கேட் முளைக்கும்.

மூன்றாம் சுற்று, கால்நடைதான். விண்படத்தில் மரநிழல் கேட்டை மறைத்துவிடும், அதனால் மேலிருந்து பார்த்து ஊகிக்க வேண்டாம். எவ்ரி டோர், ஸ்ட்ரீட்கம்ப்ளீட் மாதிரி செயலிகளோ கோபோ டூல்பாக்ஸ் படிவமோ போதும். படிவத்தில் நான் வைக்கச் சொல்வது: கேட் புள்ளி, திறந்த நேரம் (பலகையில் உள்ளபடி), சின்ன கேட்டா வண்டி போகும் கேட்டா, நிரந்தரமாகப் பூட்டியதா, படி உண்டா, சரிவு உண்டா, குறுகிய இடத்தின் அகலம் செ.மீ.-இல், ஒரு படம். இதற்கு மேல் கேள்வி சேர்த்தால் தன்னார்வலர்கள் மூன்றாவது பூங்காவிலேயே பாதி நிரப்பாமல் விடுவார்கள். மொபைல் ஜிபிஎஸ் 5 மீட்டர் முன்பின் காட்டும், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். அதனால் கேட் புள்ளியை அப்படியே எடுக்காமல் எல்லைக் கோட்டின் மேல் ஒட்ட வையுங்க.

கூகுள் ஸ்ட்ரீட் வியூவைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றாதீங்க. உரிமம் அனுமதிக்காது. மேப்பிலரி (பொதுமக்கள் ஏற்றும் தெருப் படங்கள்) படம் இருந்தால் பார்த்து வரையலாம்.

தண்டவாளம், 10 பிப்ரவரி 2025

நிரந்தரமாகப் பூட்டிய கேட் என்று ஒரு வகை வைத்தது நல்லது. நான்கு கேட் கட்டி ஒன்றை மட்டும் திறந்து வைப்பது நம்ம ஊர் மரபு. காவலாளி ஒருவர், அவரால் ஒரு கேட்டைத்தான் பார்க்க முடியும்.

வார்டுவாசி, 12 பிப்ரவரி 2025

வேறு ஒரு குழப்பம். கிண்டி தேசியப் பூங்காவையும் சேர்த்தால் என் அட்டவணையில் தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்ற எண் அந்தப் பக்கத்து வார்டுகளில் திடீரென்று ஐரோப்பா மாதிரி ஆகிறது.

பச்சைப்புள்ளி, 12 பிப்ரவரி 2025

மான்களையும் மக்கள்தொகையில் சேருங்க, சமமாகிவிடும்.

கோணமானி, 12 பிப்ரவரி 2025

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், இதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. கிண்டி சுமார் 270 ஹெக்டேர். அது காப்புக்காடு. பொதுமக்கள் போகக்கூடியது ஓரத்தில் உள்ள சிறுவர் பூங்கா, அதற்கும் கட்டணம், செவ்வாய்க்கிழமை விடுமுறை. 270-ஐச் சேர்ப்பதும் சிறுவர் பூங்காவை மட்டும் சேர்ப்பதும் ஒரே வரைபடத்தின் இரண்டு வேறு முடிவுகள். ரூட்டிங்கை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் இந்த ஒரு முடிவின் எடைக்கு ஈடாகாது.

அதனால் 'பூங்கா' என்ற ஒரே லேயர் வைக்காதீங்க. என் பரிந்துரை, ஒவ்வொரு பாலிகனுக்கும் அட்டவணையில் ஒரு 'அனுமதி' பத்தி (நெடுவரிசை). மதிப்புகள் இப்படி:

இலவசம், கேட்பாரில்லை: மாநகராட்சியின் வழக்கமான பூங்கா. பனகல், நடேசன், மயிலாப்பூர் நாகேஸ்வரராவ், சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்கா போன்றவை.

கட்டணம்: கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா (2010), அதற்கு எதிரே 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் நடக்கப் போகும் இடமாக இவற்றைக் கணக்கில் எடுக்க முடியாது. குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை போகும் இடம். வேறு கேள்விக்கு வேறு லேயர்.

முன் அனுமதி: அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்கா. 58 ஏக்கர். சூழலை மீட்பதற்காக உருவானது, எந்நேரமும் உள்ளே போய் உட்காரும் பூங்காவாக வடிவமைக்கப்படவில்லை.

பூட்டியது: மெட்ரோ பணி நடக்கும் இடங்கள். ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா முதல் கட்டப் பணிக்காகப் பல ஆண்டு மூடியிருந்தது. அத்தனை காலமும் பாலிகன் வரைபடத்தில் பச்சையாகத்தான் இருக்கும், யாராவது மாற்றினால் தவிர.

தனியார்: அடுக்குமாடி வளாகத்துக்குள் உள்ள புல்வெளி. 'லெஷர்=பார்க்' என்று தவறாகக் குறித்தவை ஏராளம். 'ஆக்செஸ்=பிரைவேட்' போட்டுவிட்டுக் கணக்கிலிருந்து எடுங்க.

நிலவரி, 13 பிப்ரவரி 2025

கடைசி வகையில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்று ஒன்று இருக்கிறது. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையை மேம்படுத்தினால் சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு.

அப்படி எழுதிக் கொடுத்த நிலம் சட்டப்படி பொது நிலம். ஆனால் குடியிருப்பின் பிரதான கேட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியாள் போக முடியாது. செக்யூரிட்டி 'எந்த பிளாட்?' என்று கேட்பார். பார்வைக்கு இது தனியார் புல்வெளி போலவே இருக்கும். 'தனியார்' என்று குறித்துக் கழித்துவிட்டால், பொது நிலம் காணாமல் போனதற்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி. உரிமை ஒரு பத்தி, நுழைய முடிகிறதா என்பது இன்னொரு பத்தி. இரண்டையும் ஒன்றாக்காதீங்க.

கோணமானி, 13 பிப்ரவரி 2025

ஏற்கிறேன். 'உரிமை', 'நுழைவு' என்று இரண்டு பத்தி. அந்த இரண்டும் முரண்படும் பாலிகன்களைத் தனி நிறத்தில் காட்டினால் வார்டு கவுன்சிலரிடம் கொண்டுபோக அதுவே நல்ல வரைபடம்.

வார்டுவாசி, 15 பிப்ரவரி 2025

கேட்டுகளை முடிந்தவரை வைத்தேன். க்யூஜிஐஎஸ்ஸில் 'சர்வீஸ் ஏரியா' (எட்டும் பரப்பு) ஓட்டினால் பாலிகன் வரவில்லை, வெறும் கோடுகள்தான் வருகின்றன. ஓப்பன்ரூட்சர்வீஸ் என்ற வழித்தேடல் சேவையின் ப்ளகினில் ஐசோக்ரோன் (குறித்த நேரத்துக்குள் எட்டும் பரப்பு) அழகான பாலிகனாக வருகிறது, ஆனால் இலவசக் கணக்கில் எல்லாக் கேட்டையும் ஓட்ட விடமாட்டேன் என்கிறது.

கோணமானி, 15 பிப்ரவரி 2025

கோடுகள் வருவதுதான் நேர்மையான விடை. 400 மீட்டருக்குள் எட்டும் தெருத் துண்டுகள் அவை. அதற்கு இரு பக்கமும் 25 மீட்டர் பஃபர் போட்டு டிசால்வ் செய்தால் (எல்லாவற்றையும் ஒரே பரப்பாக இணைத்தால்) போதும், தெருவை ஒட்டிய முதல் வரிசை வீடுகள் விழுந்துவிடும். கான்வெக்ஸ் ஹல் (வெளிப்புள்ளிகளைச் சுற்றி வளைக்கும் உறை) போடாதீங்க. கால்வாயின் அக்கரை திரும்பவும் உள்ளே வந்துவிடும், இவ்வளவு பாடுபட்டதும் வீண்.

நிறைய கேட் இருந்தால் பைதான் நிரலுக்குப் போவது நல்லது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தெருக்களை இறக்கித் தரும் ஓஎஸ்எம்என்எக்ஸ் நிரல்தொகுப்பில் 'வாக்' (நடை) வகை வலைப்பின்னலை இறக்குங்க. அதில் எல்லாத் தெருவும் இருவழியாக வரும், நடப்பவருக்கு ஒருவழிப் பாதை கிடையாதே. 'டிரைவ்' வகையை இறக்கி நடையைக் கணக்கிட்டால் ஒருவழித் தெருக்களில் ஆளைச் சுற்ற விடும். ப்ரொஜெக்ட் செய்த பிறகு, நெட்வொர்க்எக்ஸ்ஸில் மல்டி சோர்ஸ் டைக்ஸ்ட்ராவை (பல இடங்களிலிருந்து ஒருசேரக் குறுகிய வழி காணும் முறை) கேட்டுகள் அனைத்திலிருந்தும் ஒரே தடவை ஓட்டுங்க. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பூங்காவைத் தேடினால் லட்சக்கணக்கான தேடல். கேட்டுகளிலிருந்து வெளியே பரவ விட்டால் ஒரே ஓட்டத்தில் எல்லாச் சந்திப்புக்கும் 'அருகிலுள்ள கேட் எத்தனை மீட்டர்' என்று கிடைத்துவிடும். சாதாரண மடிக்கணினியே தாங்கும். வெட்டு எல்லையை 400-இல் நிறுத்தாமல் 1,500 வரை விடுங்க. பிறகு 300, 400, 800 என்று எந்த வரம்பையும் திரும்ப ஓட்டாமல் எடுத்துக்கொள்ளலாம்.

தண்டவாளம், 15 பிப்ரவரி 2025

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓஎஸ்எம்என்எக்ஸ் தானாகவே வலைப்பின்னலைச் சுருக்கும். சந்திப்புகளும் முட்டுகளும் மட்டும் மிஞ்சும், நடுப்புள்ளிகள் போய்விடும். கால்வாய்க்கரைத் தெரு 350 மீட்டர் குறுக்குத் தெருவே இல்லாமல் ஓடினால், நடுவில் உள்ள கேட் ஏதாவது ஒரு முனைக்கு இழுக்கப்படும். 400 மீட்டர் கணக்கில் 175 மீட்டர் பிழை என்றால் கணக்கே இல்லை என்று அர்த்தம்.

கோணமானி, 16 பிப்ரவரி 2025

ஆமாம். அதற்கு இரண்டு வழி. சுருக்கத்தை அணைத்துவிட்டு, நீளமான துண்டுகளை 20 மீட்டருக்கு ஒரு புள்ளியாக உடைக்கலாம். அல்லது கேட் விழும் இடத்தில் அந்தத் தெருத் துண்டை இரண்டாக வெட்டி, கேட்டையே ஒரு கணுவாக (வலைப்பின்னலின் புள்ளியாக) நுழைக்கலாம். நான் இரண்டாவதைச் சொல்வேன், கணு எண்ணிக்கை பெருகாது.

வீட்டுப் பக்கமும் இதே சிக்கல். கட்டடத்தின் மையப்புள்ளியை அருகிலுள்ள தெருவுக்கு இழுக்கும்போது, காம்பவுண்டுச் சுவருக்கு அப்பால் உள்ள தெரு சில சமயம் நெருக்கமாக இருக்கும். கால்வாய், ரயில் பாதை, நீளமான சுவர் ஆகியவற்றை ஒரு தடைக்கோடு லேயராக வைத்து, இழுக்கும் கோடு அதை வெட்டினால் அடுத்த தெருவுக்குப் போ என்று நிபந்தனை வையுங்க.

இன்னொன்று, அண்ணா சாலை, ஈ.வெ.ரா. சாலை போன்றவை வரைபடத்தில் இரண்டு தனிக் கோடுகள். நடுவில் கிரில் இருக்கிற இடத்தில் மென்பொருள் அடுத்த சிக்னல் வரை போகச் சொல்வது சரியே. கிரில் இல்லாமல் ஜனங்கள் சர்வசாதாரணமாகத் தாண்டும் இடத்தில் அது மிகை. எட்டு வயதுக் குழந்தை தனியாகத் தாண்டுமா என்பதை அளவுகோலாக வைத்தால் எதைச் சேர்ப்பது என்பதில் குழப்பம் வராது.

நேரத்தில் காட்டுவதாக இருந்தால் வேகத்தைக் கவனியுங்க. வழித்தேடல் மென்பொருள்களான ஓஎஸ்ஆர்எம்மும் ஓப்பன்ரூட்சர்வீஸும் நடைக்கு மணிக்கு 5 கி.மீ. வைத்திருக்கின்றன. அதில் 400 மீட்டர் 5 நிமிடத்துக்கும் குறைவு. 3 கி.மீ. வேகத்தில் நடக்கும் முதியவருக்கு அதே தூரம் 8 நிமிடம்.

பச்சைப்புள்ளி, 18 பிப்ரவரி 2025

மக்கள்தொகைக்கு 2011 சென்சஸ் வார்டு அட்டவணையைச் சேர்த்தேன். வார்டு எண்ணை வைத்து இரண்டு அட்டவணையையும் ஜாயின் செய்தால் (இணைத்தால்) மணலி வார்டுக்கு வேறு ஏதோ மக்கள்தொகை வருகிறது.

நிலவரி, 18 பிப்ரவரி 2025

வரத்தான் செய்யும். சென்சஸ் நடந்தபோது மாநகராட்சி 174 சதுர கி.மீ., 155 வார்டு. அதே 2011 அக்டோபரில் 42 உள்ளாட்சிகள் சேர்ந்து 426 சதுர கி.மீ., 200 வார்டு ஆயிற்று. பழைய 155 வார்டு 107 ஆகச் சுருங்கியது, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93. எண் ஒன்றாக இருந்தாலும் இடம் வேறு. அந்த ஜாயின் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் ஓடிவிடும், அதுதான் ஆபத்து. மணலி, மாதவரம், அம்பத்தூர், வளசரவாக்கம், சோழிங்கநல்லூர் பகுதிகளை அந்தந்தப் பழைய நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிப் பெயரில் தேடி எடுக்க வேண்டும்.

கோணமானி, 19 பிப்ரவரி 2025

வார்டு சராசரியே இந்த வேலைக்குப் பொருந்தாது. ஒரு வார்டுக்குள் பாதிப் பேர் எட்டுவார்கள், பாதிப் பேர் எட்டமாட்டார்கள். ஊரைச் சிறு கட்டங்களாக (பிக்சல்) பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று காட்டும் ராஸ்டர் டேட்டாவுக்குப் போங்க: வேர்ல்ட்பாப், ஜிஎச்எஸ்-பாப், மெட்டாவின் 30 மீட்டர் ராஸ்டர்.

வேர்ல்ட்பாப்பில் கட்டுப்படுத்தியது, கட்டுப்படுத்தாதது என்று இரண்டு உண்டு. கட்டுப்படுத்தாததில் ஜனங்களை எல்லாப் பிக்சலிலும் தூவியிருப்பார்கள். அடையாற்றில் மிதப்பவர்கள், பூங்காவுக்குள்ளேயே குடியிருப்பவர்கள் எல்லாம் கணக்கில் வருவார்கள். பூங்காவுக்குள் குடியிருந்தால் தூரம் பூஜ்யம், சதவீதம் தானாக ஏறும். கட்டட இடங்களில் மட்டும் ஆளை வைக்கும் கட்டுப்படுத்திய பதிப்பை எடுங்க.

அந்தப் பிக்சல் சென்னையில் சுமார் 92 மீட்டர். 32 ஹெக்டேர் நடைப் பரப்புக்குள் 38 பிக்சல்தான் அடங்கும். ஓரப் பிக்சல்களை உள்ளே வெளியே என்று முழுசாக எடுத்தால் ஆட்டம் காணும். எக்ஸாக்ட்எக்ஸ்ட்ராக்ட் மாதிரி, பிக்சலின் எத்தனை பங்கு உள்ளே விழுகிறது என்று பார்க்கும் கருவியைப் பயன்படுத்துங்க.

கூட்டும் முன் எல்லாக் கேட்டின் பரப்பையும் டிசால்வ் செய்யுங்க. இல்லையென்றால் அண்ணா நகரில் ஒரே ஆளை நான்கு பூங்கா எண்ணும்.

தண்டவாளம், 19 பிப்ரவரி 2025

சேர்க்க வேண்டியது: மக்கள்தொகை ராஸ்டரை 32644-க்கு மாற்றவே மாற்றாதீங்க. அதிலிருப்பது அடர்த்தி அல்ல, தலை எண்ணிக்கை. ரீசாம்ப்பிள் செய்தவுடன் (பிக்சல்களைப் புதிய கட்டத்தில் மறுபடி அடுக்கியவுடன்) சில பிக்சல் இரட்டிக்கும், சில விழுந்துபோகும், மொத்தம் மாறும். பாலிகனை ராஸ்டரின் ப்ரொஜெக்‌ஷனுக்குக் கொண்டுபோங்க. மாற்றியே தீர வேண்டும் என்றால் முன்னும் பின்னும் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்க.

வார்டுவாசி, 22 பிப்ரவரி 2025

ஓட்டினேன். வட்டம் காட்டிய பச்சை வெகுவாகச் சுருங்கிவிட்டது. மாநகராட்சி எல்லையை ஒட்டிய வார்டுகள் மட்டும் சந்தேகத்துக்கு இடமாக வெளுத்துக் கிடக்கின்றன.

கோணமானி, 22 பிப்ரவரி 2025

எல்லையோடு டேட்டாவை வெட்டியிருப்பீர்கள். ஆவடி, தாம்பரம் மாநகராட்சிப் பூங்காக்களும் தெருக்களும் இல்லாமல் போயிருக்கும். எல்லைக்கு வெளியே 1.5 கி.மீ. வரை இறக்கி, கணக்கு முடிந்த பிறகு வெட்டுங்க. நடப்பவருக்கு மாநகராட்சி எல்லை தெரியாது.

பச்சைப்புள்ளி, 24 பிப்ரவரி 2025

சிறு பூங்காக்களை என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 300 மீட்டருக்குள் அரை ஹெக்டேராவது வேண்டும் என்கிறது. அதை வைத்தால் நம்ம பட்டியலில் பெரும்பகுதி அடிபடும்போலிருக்கிறது.

நிலவரி, 24 பிப்ரவரி 2025

அரை ஹெக்டேர் என்றால் 22 கிரவுண்டுக்கு மேல். தெருமுனையில் நான்கு கிரவுண்டில் ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்கு, எட்டு வடிவ நடைதளம் என்று இருப்பது நம்ம பூங்கா. கழிக்கவும் மனசு வராது, பெரிய பூங்காவுக்குச் சமமாக வைக்கவும் நியாயமில்லை.

கோணமானி, 25 பிப்ரவரி 2025

கழிப்பதற்குப் பதில் எடை போடுங்க. இரு-படி மிதக்கும் பரப்பு முறை இதற்காகவே உள்ளது. முதல் படி, ஒவ்வொரு பூங்காவுக்கும் 400 மீட்டர் நடையில் எத்தனை பேர் என்று கூட்டி, பூங்காவின் பரப்பை அதனால் வகுக்க வேண்டும். உதாரணக் கணக்கு: 2,000 சதுர மீட்டர் பூங்கா, சுற்றி 8,000 பேர், ஆளுக்கு 0.25 சதுர மீட்டர். இரண்டாம் படி, ஒரு வீட்டுக்கு எட்டும் எல்லாப் பூங்காக்களின் இந்த எண்ணையும் கூட்ட வேண்டும். இரண்டு பூங்கா எட்டினால் இரண்டும் சேரும்.

இதில் டிசால்வ் செய்யக் கூடாது. மேலே செய்யச் சொன்னது 'எத்தனை பேர் எட்டுகிறார்கள்' என்ற கேள்விக்கு. இது 'எட்டியவருக்கு எவ்வளவு கிடைக்கிறது' என்ற கேள்வி. மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டி தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி என்கிறது. 0.25-ஐ அதன் பக்கத்தில் வைத்தால், தூரத்தில் தேறிய தெரு நெரிசலில் தேறவில்லை என்று தெரியும்.

பரப்பை எடுக்கும்போது, பூங்காவுக்குள் கட்டிய உடற்பயிற்சிக் கூடம், நீரேற்று நிலையம், வார்டு அலுவலகம் ஆகியவற்றைக் கழியுங்க. பூங்காவுக்குள் தனிப் பாலிகனாக உள்ள விளையாட்டு இடத்தை இருமுறை கூட்டிவிடாதீங்க.

தண்டவாளம், 27 பிப்ரவரி 2025

நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. காலையில் திறந்து, வெயில் ஏறியதும் பூட்டி, மாலையில் திறக்கும் பூங்காக்கள் பல. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் 'ஓப்பனிங் அவர்ஸ்' பத்தியில் 05:00-09:00,16:00-20:00 என்கிற மாதிரி இரண்டு வேளையைக் காற்புள்ளி போட்டு எழுதலாம். காலை 7, மதியம் 1, மாலை 6 என்று மூன்று வரைபடம் எடுத்தால் போதும். மதியம் ஒரு மணி வரைபடத்தில் எஞ்சும் நிழல் இடங்கள்தான் தெருவோர வியாபாரிக்கும் டெலிவரிப் பையனுக்கும் கணக்கு.

பச்சைப்புள்ளி, 27 பிப்ரவரி 2025

சக்கர நாற்காலிக்கு?

தண்டவாளம், 28 பிப்ரவரி 2025

கேட்டைப் பாருங்க. பைக்கும் மாடும் நுழையாமல் இருக்க, சின்ன கேட்டுக்கு உள்ளே இரும்புக் குழாயை 'ப' வடிவில் வளைத்து, எதிரே இன்னொன்றைத் தள்ளி நட்டிருப்பார்கள். ஆள் உடம்பைத் திருப்பி இடுக்கில் போகலாம். நாற்காலியின் முன்சக்கரம் உள்ளே போனதும் பின்பகுதி குழாயில் இடிக்கும், திரும்ப இடமிருக்காது. அகலம் 90 செ.மீ. இருந்தாலும் திரும்பும் இடம் இல்லையென்றால் பயனில்லை, அதனால் அகலத்தை மட்டும் அளந்து 'சரி' போடாதீங்க. வண்டி கேட் திறந்து கிடந்தால் வழி உண்டு. பெரும்பாலும் அதில்தான் பூட்டு தொங்கும். இப்படிப்பட்ட கேட்டுகளை நீக்கிவிட்டு அதே மல்டி சோர்ஸ் கணக்கை இன்னொரு தடவை ஓட்டினால் நாற்காலி வரைபடம் தயார்.

வார்டுவாசி, 3 மார்ச் 2025

பொதுவாக எதை மாற்றினால் முடிவு அதிகம் ஆடுகிறது? எல்லாவற்றையும் எல்லா வார்டிலும் செய்ய ஆள் இல்லை.

கோணமானி, 3 மார்ச் 2025

பூங்காப் பட்டியல் முதலில். எது திறந்தது, எது இலவசம், எது பொது என்பதைச் சரிபார்க்காமல் வேறு எதையும் தொடாதீங்க. அடுத்தது கேட், அதிலும் ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பூங்காக்களுக்கு மட்டும் நேரில் போனால் போதும். நான்கு கிரவுண்டு பூங்காவில் கேட் எந்தப் பக்கம் இருந்தாலும் சில பத்து மீட்டர்தான் மாறும், அதற்கு மையப்புள்ளியே பரவாயில்லை. மூன்றாவது, கால்வாயும் தண்டவாளமும் தாண்டும் பாலங்கள், சுரங்கப்பாதைகள். எண்ணிக்கையில் குறைவு, ஒரு வாரயிறுதியில் திரையிலேயே பார்த்துவிடலாம். மக்கள்தொகை ராஸ்டர் எது, ரூட்டிங் மென்பொருள் எது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. மென்பொருளைப் பற்றித்தான் எல்லாரும் சண்டை போடுவோம், அது வேறு விஷயம்.

பச்சைப்புள்ளி, 4 மார்ச் 2025

மெரினாவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லையே.

நிலவரி, 4 மார்ச் 2025

அதற்குத் தனி இழை திறங்க, இங்கே ஆரம்பித்தால் ஆகஸ்ட் வரை ஓடும். திறந்தவெளி என்றால் சேரும், பூங்கா என்றால் சேராது.

கொங்குநாடன், 9 மார்ச் 2025

இதே படிகளைக் கோயம்புத்தூருக்குச் செய்யலாமா? 32644-ஐ அப்படியே வைக்கலாமா?

கோணமானி, 9 மார்ச் 2025

வேண்டாம். 32644 என்பது உலகைத் தீர்க்கரேகைப்படி பிரித்த மண்டலங்களில் 44-ஆவதுக்கு உரியது; 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே 43-ஆம் மண்டலம். கோவை, திருப்பூர், திருநெல்வேலிக்கு 32643. மதுரை, சேலம், திருச்சி கோட்டுக்குக் கிழக்கே விழுவதால் 32644. உங்களுக்குக் கூவம் இல்லை. அதற்குப் பதில் குளங்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடைபாதை உண்டு, ஆனால் குளத்தின் பாலிகன் 'நீர்நிலை' என்றுதான் இருக்கும், பூங்கா என்று தேடினால் அகப்படாது. கரை நடைபாதையைத் தனியாக எடுத்து, அதில் இறங்கும் வழிகளைக் கேட்டாக வையுங்க. குளத்தின் முழுப் பரப்பையும் திறந்தவெளியாகக் கூட்டிவிடாதீங்க.